எல்லாருக்கும் எல்லா வாழ்த்துகளும்

கழக்கூட்டத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் பலகை உண்டு. தண்ணீர் எப்போது நிற்கும், லிஃப்ட் எப்போது ஓடும் என்பதையெல்லாம் எழுதிவைப்பதற்கு. போன டிசம்பரில் சங்கச் செயலாளர் அதில் 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று எழுதினார். நல்ல மனிதர். யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாதென்று நினைத்திருக்கிறார். மறுநாள் காலையில் யாரோ அதை அழித்து 'மெர்ரி கிறிஸ்துமஸ்' ஆக்கியிருந்தார்கள். மத்தியானம் அதற்குக் கீழே 'மற்றவர்கள் மனிதர்கள் இல்லையா?' என்று ஒரு கேள்வி. சாயங்காலத்துக்குள் சண்டை பலகையிலிருந்து இறங்கி எல்லாருடைய போனுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஐந்தாம் மாடி கேட்டது: ஹாலிடே யாருக்கு? எங்களுக்கு அன்று நைட் ஷிப்ட். ஒன்பதாம் மாடி கேட்டது: ஓணத்துக்கு ஓணம் என்று எழுதத் தெரிகிறது, கிறிஸ்துமஸுக்கு மட்டும் பெயர் சொல்லக் கூச்சமா? இரண்டாம் மாடிக்குப் பழைய கணக்கு: ரம்ஜான் பெருநாளுக்குப் பலகை காலியாகக் கிடந்ததே, அன்றைக்கு இந்தப் பேனா எங்கே போயிருந்தது?

மூன்று நாள் நடந்தது. நான் வாயே திறக்கவில்லை. "அப்பா, தமாஷ்னு நெனச்சுண்டு நீங்க எதையாவது போட்டுடாதீங்கோ" என்று என் மகன் முன்கூட்டியே தடை உத்தரவு போட்டிருந்தான். என்னை நன்றாக அறிந்த பிள்ளை. ஆனால் நான் வாய் மூடியிருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. செயலாளர் செய்த அதே குற்றத்தை, இருபத்தைந்து வருஷம் முன்பு, அவரைவிடச் சிறப்பாக நான் செய்திருக்கிறேன்.

மார்க்கர் பேனாவுக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசனை. சாக்பீஸ் பலகையை ஈரத்துணியால் துடைத்தால் வரும் வாசனை வேறு. வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் தெளித்தது போல இருக்கும். என் இளமை முழுக்க அந்த வாசனைதான். மற்றவர்களுடைய இளமையில் மல்லிகை, மகிழம்பூ என்றெல்லாம் வரும். எனக்குச் சுண்ணாம்பு.

பழவங்காடியில், கணபதி கோவிலுக்கு நாலு கடை தள்ளி, நோட்டுப்புத்தகம், பேனா, சாக்பீஸ் மொத்தமாக விற்கிற கடை ஒன்றில் நான் குமாஸ்தா. கோவிலில் சூறைத்தேங்காய் உடைக்கிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒருநாள் பில் எழுதும்போது தேங்காய்ச் சத்தத்தை எண்ணிக்கொண்டே இருந்து, டஜன் பென்சில் என்பதற்குப் பதில் டஜன் தேங்காய் என்று எழுதினேன். வாங்க வந்த ஆசாமி பேசாமல் பென்சிலை எடுத்துக்கொண்டு போனது அவருடைய பெருந்தன்மை.

முதலாளி நாகர்கோவில் பிள்ளைமார். கடையில் நாங்கள் மூன்று பேர். கரமனை அக்கிரகாரத்திலிருந்து டப்பாவில் தயிர்சாதத்தோடு பஸ் பிடித்து வருகிற நான். கணக்கெழுதுகிற சுபைதா இத்தா, மணக்காட்டுக்காரி; இத்தா என்றால் அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், மலையாளத்தில் திட்டிவிட்டு எனக்காகத் தமிழில் இன்னொரு முறை திட்டுவாள். குடோனைப் பார்த்துக்கொள்கிற தங்கையன் அண்ணன், பாறசாலையிலிருந்து ரயிலில் வருவார். சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெள்ளை வேட்டியில் முதல் ஆளாகப் போய் உட்காருகிறவர். மற்ற ஆறு நாளும் காக்கி நிக்கரும் தலையில் காகிதக் கட்டும். என்னை 'கொச்சு சாமி' என்பார். மண்டலக் காலத்தில் பழவங்காடியில் வெறுமனே 'சாமி' என்று கூப்பிட்டால் கறுப்பு வேட்டி கட்டிய நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 'கொச்சு', அதாவது சின்ன, என்று முன்னால் ஒன்றைச் சேர்த்தால்தான் அது நான்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. விற்பனைச் சரக்குக்கு மாதிரியாக மாட்டியது. வாங்க வருகிறவர்கள் கலர் சாக்பீஸை அதில் கிழித்துப் பார்ப்பார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் மட்டும் அதில் வாழ்த்து எழுதுவோம். மேலே மலையாளம், கீழே தமிழ், சுற்றிலும் பூ. அந்தப் பலகைக்கு ஒரு சட்டம் இருந்தது: அவரவர் பண்டிகைக்கு அவரவர் எழுதக்கூடாது.

பெரிய தத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். லீவு விவகாரம்தான். பண்டிகைக்காரர் முந்தின நாள் மத்தியானமே லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுவார். கடையில் மிச்சம் இருப்பவர்தானே எழுதமுடியும்? அப்படியே நடந்து நடந்து, நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் அது சட்டமாகியிருந்தது. தீபாவளிக்கு ஒருமுறை நான் வீட்டுக்குப் போகாமல் சாக்பீஸைக் கையில் எடுத்தேன். இத்தா அதைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் பஸ்ஸுக்கு விரட்டினாள். ஓணம், விஷு, தீபாவளி, பொங்கல் எல்லாம் அவள் எழுத்து. வருஷத்துக்கு இத்தனை பண்டிகை வைத்துக்கொண்டிருப்பதற்காக என்னையும் முதலாளியையும் அவள் ஏசாத மாதம் இல்லை. பெருநாள் தங்கையன் அண்ணனுக்கு. கிறிஸ்துமஸ் எனக்கு. என் கையெழுத்து நன்றாக இருக்கும். என்னிடம் நன்றாக இருந்த ஒரே சங்கதி அதுதான் என்று என் மனைவி பிற்காலத்தில் கண்டுபிடித்தாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து வரும்போது தங்கையன் அண்ணன் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவருவார். அவர் மனைவி செய்த முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். ஆளுக்கு ஒரு பொட்டலம். ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூட நோட்டுக்கு ஒட்டுகிற லேபிள், அதுவும் எங்கள் கடைச் சரக்கு. என்னுடையதில் 'பெயர்' என்ற இடத்தில் கொச்சு சாமி, 'வகுப்பு' என்ற இடத்தில் கரமனை, 'பாடம்' என்ற இடத்தில் முட்டை இல்லை. அச்சுமுறுக்கு மாவில் அவர்கள் முட்டை சேர்ப்பார்கள். எனக்காக அதற்கு முன்னாலேயே முட்டையில்லாத மாவு கரைத்து, புது எண்ணெயில் முதல் ஈடு போட்டுத் தனியாக எடுத்துவைப்பார் அந்த அம்மாள். நான் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவருக்கு என் வயிறு தெரியும். முதலாளி மாலை போட்டிருப்பார் என்பதால் அவர் பொட்டலத்தில் 'மலைக்குப் போயிட்டு வந்து'. நோன்பு டிசம்பரில் வந்த வருஷங்களில் இத்தாவுக்கு 'நோன்பு திறந்த பிறகு'.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை. பிறை தெரிவதைப் பொறுத்துப் பெருநாள் புதனோ வியாழனோ. சனிக்கிழமை மத்தியானமே தங்கையன் அண்ணன் லீவில் போய்விட்டார். அவர் மகளுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு சம்பந்தம் பேசி முக்கால்வாசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அன்று வருகிறார்கள். போகும்போது என்னிடம் வந்து, போர்டைக் கொஞ்சம் பெரிதாக எழுதும்படி சொல்லிவிட்டுப் போனார். அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கிற பழக்கம் இல்லாதவர் கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று புரிகிற வயதுதான் எனக்கு. புரியவில்லை.

நான் வேறு யோசனையில் இருந்தேன். பெருநாள் வாழ்த்து எழுதவேண்டிய ஆளும் லீவில். செவ்வாய் வரை கடை அடைப்பு. அதையும் இன்றைக்கே நான்தான் எழுதவேண்டும். இதற்கு நடுவில் முதலாளி, மலைக்குப் போகிற சாமிமார்களுக்கும் ஒரு வரி போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பலகையோ சின்னது. அதன் அடியில் 'சில்லறை விற்பனை இல்லை' என்று பெயிண்டால் எழுதி, கால்வாசியை அதுவே சாப்பிட்டிருந்தது. மூன்று வாழ்த்து, இரண்டு மொழி, பூ வேறு. தலையைச் சொறிந்தேன். அப்போதுதான் அந்த ஞானம் பிறந்தது. அழகாக, சரிவில்லாமல், மலையாளத்திலும் தமிழிலும் எழுதினேன்: எல்லாருக்கும் எல்லா வாழ்த்துகளும்.

தள்ளி நின்று பார்த்தேன். ஒரே வரியில் மூன்று மதம் அடங்கிவிட்டது. யாருக்கும் குறையில்லை. ஐக்கிய நாடுகள் சபையில் எனக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே போய், ஒரு டீயும் ரசவடையும் வாங்கி என்னை நானே கௌரவித்துக்கொண்டேன்.

புதன்கிழமை. முந்தின இரவு பிறை தெரியாததால் பெருநாள் வியாழன் என்றாகி, இத்தா லீவை மாற்றிவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். தங்கையன் அண்ணன் வந்தார். டின்னை மேஜை நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். பொட்டலம் இல்லை, லேபிள் இல்லை. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன.

"எல்லாருக்கும் உள்ளதாக்கும். எடுத்துக்கிடுங்க."

நான் டின்னுக்குள் எட்டிப் பார்த்தேன். "அண்ணே, இதுல முட்டை இல்லாதது எது?"

"எல்லாம் ஒண்ணாக் கலந்தாச்சு சாமி. எல்லாருக்கும் எல்லாம்."

சிரிக்கவில்லை. 'கொச்சு' இல்லை. என் மரமண்டைக்கு அதுவும் உடனே ஏறவில்லை. ஒரு அச்சுமுறுக்கை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன், முட்டை தன் பெயரைச் சொல்லும் என்பது போல.

பிறகுதான் அவர் சொன்னார், குடோன் வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல். "சனியாழ்ச்ச சாயங்காலம் கடை அடச்ச பொறவு சம்பந்தக்காரியளக் கூட்டிக்கிட்டு வந்தேன். நான் சாக்கு சுமக்கிற ஆளுதான். ஆனா எங்க பண்டிகைக்கு எங்க கடைல பேரு எழுதி வைப்பாவன்னு சொல்லியிருந்தேன். மாப்பிளைக்க அப்பன் கண்ணாடியப் போட்டு வாசிச்சுட்டுக் கேக்காரு, இதுல ஒங்க பண்டிகை எங்க இருக்குன்னு. நான் எதைத் தொட்டுக் காட்ட?"

எனக்கு ஒரு பதில் இருந்தது. 'எல்லா' என்ற சொல்லுக்குள் கிறிஸ்துமஸும் அடக்கம் என்பது அந்தப் பதில். நல்லவேளை, அதைச் சொல்லவில்லை. அதைவிட மோசமானதைச் சொன்னேன். "பலகை சின்னது, அண்ணே."

முதலாளிக்கு என் வாசகம் பிடித்துப்போயிருந்தது. கறுப்பு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து, "நல்லாத்தானவே எழுதியிருக்கேரு. ஒரு தடவ பெயிண்டர வச்சு எழுதிப்போட்டா வருஷம் பூரா சாக்பீஸ் மிச்சம்லா" என்றார். சாக்பீஸ் மொத்த வியாபாரி சொல்கிற பேச்சு.

பேரேட்டை மூடிவிட்டு இத்தா எழுந்தாள். ஒரு மாத நோன்பு, அதற்குமேல் ஒரு நாள் பிறைக்குக் காத்த களைப்பு, எல்லாம் முகத்தில் இருந்தது. "முதலாளி, ஞான் ஒரு மாசம் நோன்பு பிடிச்சது 'எல்லா'வுக்கு அல்ல. பெருநாளுக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஓணத்துக்கு ஞான் எந்தா எழுதினது? ஓணம்னல்லே? நின்டெ தீபாவளிக்கு? இந்த அங்ஙாடியில பாதி ஆளுக்குத் தீபாவளி வந்ததே அறியாது. என்டெ எழுத்தப் பாத்துட்டல்லே உன்கிட்ட வந்து கேக்குன்னு, சாமி இன்னிக்கு எந்தா விசேஷம்னு?"

உண்மை. ஒவ்வொரு வருஷமும் தீபாவளி கழிந்து வரும்போது எதிர்க்கடைக்காரர்கள் பட்சணம் எங்கே என்று கேட்பார்கள். எனக்குத் தீபாவளி என்று அவர்களுக்கு யார் சொன்னது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

தங்கையன் அண்ணன் வாளியில் துணியை நனைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். என் ஐக்கிய நாடுகள் சபையை இரண்டே இழுப்பில் துடைத்தார். அந்தச் சுண்ணாம்பு வாசனை உள்ளே வரை வந்தது. பிறகு பச்சை சாக்பீஸால், குடோனில் கட்டு அடுக்குகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைத்து, பெருநாள் வாழ்த்து எழுதினார். வரி மேலே ஏறி இறங்கியது. பூ இல்லை. பலகை நிறைந்துவிட்டது. 'சில்லறை விற்பனை இல்லை'யின் மேலும் ஒரு எழுத்தின் கால் தொங்கியது. இத்தா வெளியே வந்து பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், அன்று இரண்டு மணிக்கே லீவு போட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் சீக்கிரமே வந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதினேன். நாலு நாள் தாமதம். நட்சத்திரம், மணி, தென்னையா பைனா என்று சொல்லமுடியாத ஒரு மரம், எல்லாம் போட்டேன். தங்கையன் அண்ணன் ரயிலிறங்கி வந்து பார்த்தார்.

"நல்லாயிருக்கு சாமி," என்றார். "பாக்க வேண்டியவிய பாத்துட்டுப் போயாச்சு."

அப்புறம் சில மாதங்கள் அப்படியே கழிந்தன. கட்டு இறக்குவார், கணக்குச் சொல்வார், என் பக்கம் வந்தால் வெறும் சாமி. முன்னாலெல்லாம் மத்தியானம் என் தயிர்சாதத்தில் தன் மீன்கறிச் சட்டியின் நிழல்கூட விழாமல் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஆனாலும் என்னோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். இப்போது குடோனிலேயே சாப்பிட்டார். அந்த நாட்களில் என் டப்பாவைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. தயிர்சாதத்துக்கும் துணை வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சம்பந்தம் முறியவில்லை. கலியாணம் சித்திரையில், மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு சபையில். முதலாளி சரக்கு வேனைக் கொடுத்தார். புறப்படுகிற அன்று காலையில் நான் கரும்பலகையைக் கழற்றி வேனில் ஏற்றினேன். இத்தா பார்த்துவிட்டு, இதற்கு எதற்கு ஒரு யாத்திரை என்று கேட்டாள். பிறகு அவளே மேலே மலையாளத்தில் எழுதினாள், நான் கீழே தமிழில்: எங்கள் தங்கையன் அண்ணன் மகள் கிரேஸுக்குத் திருமண வாழ்த்துகள். கடைக்காரர் எல்லாரும். நெடுஞ்சாலைக் காற்றில் அழியாமலிருக்க என் மேல்துண்டைப் போர்த்தி, குழந்தையைப் பிடிப்பது போல மடியில் பிடித்துக்கொண்டு போனேன். களியிக்காவிளைச் சோதனைச் சாவடியில் துண்டை விலக்கிக் காட்டவேண்டி வந்தது. காவலர் முழுக்க வாசித்துவிட்டு எங்களை அனுப்பினார்.

சபை வாசலில் ஒரு தென்னையில் சாய்த்துவைத்தோம். வருகிறவர்கள் எல்லாம் நின்று வாசித்தார்கள். தங்கையன் அண்ணன் பட்டுச்சட்டையில் வந்து, பார்த்து, பக்கத்திலேயே நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். மாப்பிள்ளையின் அப்பா. ஒருமுறை வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"பொண்ணுக்க அப்பன் பேரு இருக்கு. பொண்ணுக்க பேரு இருக்கு. எனக்க மகன் எங்க?"

இத்தா என் விலாவில் முழங்கையால் இடித்தாள். மாப்பிள்ளையின் பெயரை நாங்கள் எழுதவில்லை. அதைவிட மோசம், எனக்கு அந்தப் பெயரே தெரியாது. ஒரே ஆளை, ஒரே பலகையில், இரண்டாவது முறையும் மாட்டிவிட்டேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது. சட்டைப்பையில் சாக்பீஸைத் தேடிக்கொண்டே தங்கையன் அண்ணனைப் பார்த்தேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. "ஜெபராஜ்," என்றார். "எழுதும் கொச்சு சாமி. எழுத இடம் இல்லன்னு மட்டும் சொல்லிடாதயும்."

இடம் இல்லைதான். கிரேஸுக்குப் பக்கத்தில் 'ஜெப' மட்டும் அடங்கியது. 'ராஜை' அடுத்த வரியின் ஓரத்தில் குத்தவைத்தேன். கடைசி எழுத்து முடிகிறவரை மாப்பிள்ளையின் அப்பா அசையாமல் நின்றார். பிறகு என் சுண்ணாம்புக் கையைப் பிடித்துக் குலுக்கி, பந்தியில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, பரிமாறுகிற ஒவ்வொருவரிடமும் இது முட்டை சேர்ந்ததா என்று எனக்காக விசாரித்தார். சாம்பார்க்காரரைக்கூட விடவில்லை. தங்கையன் அண்ணன் சொல்லிவைத்திருக்கிறார்.

முதலாளி போனதும் பிள்ளைகள் கடையைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இப்போது போனுக்குச் சட்டை விற்கிறார்கள். தங்கையன் அண்ணன் போய் ஏழு வருஷம். இத்தா மஸ்கட்டில் மகளோடு இருந்தாள். தீபாவளிக்கு மறக்காமல் கூப்பிட்டு, நீ இன்னும் லீவு போடலையா என்பாள். பிறகு காது போயிற்று, கூப்பிடுவது நின்றது. பிறகு மகள் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னாள்.

இந்தத் தீபாவளியன்று காலையில் என் மகன் புதுச்சட்டையோடு மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து யாருடனோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். லீவு இல்லையா என்று கேட்டேன். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாமாம், எந்த நாளிலும். "சரி, நீ எடுத்தா உனக்குப் பகரம் ஆபீஸ்ல யாருடா இருப்பா?" என்றேன். எங்கள் ஊரில் ஒருவருக்குப் பதிலாக நிற்பதை அப்படித்தான் சொல்வோம். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பகரம் எதுக்குப்பா? எல்லாரும் எப்பவும் இருக்காளே."

அது சரிதான் என்று பட்டது. சமையலறையில் பட்சண டப்பாவைத் திறந்துவிட்டு, போனை எடுத்துப் பார்த்தேன். விளக்கு, மத்தாப்பு, கோலம் என்று வாழ்த்துகள் வந்து குவிந்திருந்தன. இத்தாவைப் போல வேறு பண்டிகைக்காரர் ஒருவராவது இருப்பாரா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். அனுப்பியவர்கள் அத்தனை பேரும் அன்று விடிகாலையில் தாங்களும் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள்.